குளிரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

குளிர்காலம் தொடங்கியதும் நகரத்தில் பலருடைய முகம் வாடத் தொடங்குகிறது. குளிர்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். குளிரைக் கம்பளி தாங்கிக்கொள்ளும். பகல் வெளிச்சம் குறைவதுதான் மனத்தை அதிகம் அழுத்துகிறது என்பது என் கருத்து.

நமது விழித்திரையில் பார்வைக்கான செல்களோடு, வெளிச்சத்தின் அளவை உணர்ந்து மூளையில் தூக்க, விழிப்பு நேரங்களை முறைப்படுத்தும் உயிர்க்கடிகாரத்துக்குத் தெரிவிக்கும் செல்களும் இருக்கின்றன. காலையில் போதிய ஒளி கிடைக்காதபோது அந்தக் கடிகாரம் பின்தங்கி, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமும் தள்ளிப்போவதால்தான் மந்தம் ஏற்படுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் முன்வைக்கும் விளக்கம். இதன் கடுமையான வடிவத்தை, பருவகால மனச்சோர்வு என்ற பெயரில், 1984-இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் விவரித்தார்கள். மனச்சோர்வு என்றாலே தூக்கமும் பசியும் போய்விடும் என்று நினைக்கிறோம். இதிலோ பெரும்பாலும் தூக்கம் கூடுகிறது, மாவுப்பண்டங்கள் மீதும் இனிப்பு மீதும் நாட்டம் பெருகுகிறது. ஆகவே, பாதிக்கப்பட்டவருக்குச் சோம்பேறி என்ற பட்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது.

நகரம் இந்தக் குறையை இன்னும் பெரிதாக்குகிறது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே செல்வதால், உயர்ந்த கட்டடங்களின் நிழல் நண்பகலிலும் தெருவை விட்டு விலகுவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் கவனித்துப் பாருங்கள்: இருக்கைகள் காலியாகக் கிடக்கும், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விழும் ஒரு கீற்று வெயிலில் ஏழெட்டுப் பேர் ஒட்டி நிற்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து அவர்கள் அங்கே நிற்கவில்லை.

அலுவலக மேசையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 300 முதல் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு). மேகம் மூடிய நண்பகலில்கூட வெளியே பல மடங்கு அதிகம். சிகிச்சைக்கான விளக்குகள் 10,000 லக்ஸ் ஒளி தருபவை; அவற்றின் முன்னால் காலையில் அரை மணி நேரம் அமரச் சொல்வது வழக்கம். வாரக்கணக்கில் சோர்வு நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. விளக்கைக்கூட அவரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் கண் நோய் உள்ளவர்களுக்கும் மனநிலை மிகையான உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிச் செல்லும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

மற்றவர்களுக்கு நண்பகலில் சிறிது நேரம் வெளியே நடந்துவர வாய்ப்பிருந்தாலே பெரிய ஆறுதல். இருட்டோடு வந்து இருட்டோடு வீடு திரும்பும் ஊழியருக்கு மிஞ்சுவது அந்த ஒரு மணி நேர உணவு இடைவேளைதான். அதிலும் கூட்டம் போடும் மேலாளர்கள், ஊழியர் நலனைப் பற்றிச் சுற்றறிக்கை அனுப்புவதை முதலில் நிறுத்தலாம்.