மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வு: ‘பொறுத்துக்கொண்டால் போய்விடும்’ என்பது தவறு

“மாதவிடாய் நிற்கும் வயதில் மனச்சோர்வு எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், பொறுத்துக்கொண்டால் போய்விடும், மாத்திரை தொட்டால் அடிமையாகிவிடுவீர்கள்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு, ஆபத்தான தவறும்கூட.

எல்லாருக்கும் வருவதில்லை. மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சீராகக் குறையாமல் ஏறி இறங்குகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் அது பாதிக்கிறது. இரவு வியர்வை தூக்கத்தைப் பறிப்பது கூடுதல் சுமை. முன்பு, குறிப்பாகப் பிரசவத்துக்குப் பின், மனச்சோர்வு கண்டவர்களுக்கு வாய்ப்பு அதிகம். வீட்டார் இதை மறந்துவிடுகிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரைகள் போதைப் பொருளைப் போல அடிமையாக்குவதில்லை. திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். உளவியல் சிகிச்சையும், சிலருக்கு ஹார்மோன் சிகிச்சையும் உதவும். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கு ஹார்மோன் பொதுவாகத் தரப்படுவதில்லை. தைராய்டு குறைபாடும் இப்படியே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவை.

சோர்வும் நாட்டமின்மையும் 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள்: இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416-இல் கட்டணமின்றி, எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.