முரேயில் ஒரு மணி நேரம்

“என்னண்ணா, ஜப்பான் வரைக்கும் போய் ஒரு மணி நேரம் கல்லைப் பார்த்துட்டு, ஒரு போட்டோகூட இல்லாம வந்திருக்கே?” என்று தங்கை கேட்டாள். ஆமாம். இன்னொரு முறையும் போவேன்.

ஷிகோக்கு தீவில் தகமாட்சு நகரத்தின் ஓரம் முரே என்ற ஊர். சின்ன ரயிலில் யாகுரி நிலையத்தில் இறங்கி நடந்தால் எங்கு பார்த்தாலும் கல் பட்டறைகள்தான். கல்லறைக் கற்கள், கல்விளக்குகள், அறுக்கும் சத்தம். அவற்றுக்கு நடுவில் இருக்கிறது சிற்பி இசாமு நொகுச்சியின் தோட்ட அருங்காட்சியகம். ஒரு தனியார் அறக்கட்டளை நடத்துகிறது. முன்பதிவு செய்தால்தான் அனுமதி. படம் எடுக்கக் கூடாது.

நொகுச்சியின் (1904–1988) அப்பா ஜப்பானியக் கவிஞர், அம்மா அமெரிக்கர். 1969-இல் இங்கே பட்டறை போட்டு, ஆண்டில் சில மாதம் நியூயார்க், சில மாதம் முரே என்று வாழ்ந்தார். அவர் காலமான பிறகு, 1999-இல் இதைத் திறந்தார்கள். ஏறக்குறைய 150 சிற்பங்கள். முடிக்காமல் விட்டவையும் அவற்றில் நிறைய.

பசால்ட் என்ற எரிமலைக் கல் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். வெயிலும் மழையும் பட்டுத் துருவேறிய நிறத்தில் அதன் மேல்தோல். ஓரிடத்தில் மட்டும் அதைச் சீவி, உள்ளே இருக்கும் கருஞ்சாம்பலை இழைத்துக் காட்டியிருக்கிறார். மீதியைத் தொடவே இல்லை. கல்லைப் பிளக்கத் துளை போட்ட தடங்களைக்கூட மறைக்கவில்லை. எங்கே உளியைக் கீழே வைப்பது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! பழைய களஞ்சியத்துக்குள் நிற்கும் ‘எனர்ஜி வாய்ட்’ என்ற 3.6 மீட்டர் உயரக் கருங்கல் வளையம், பிரமிப்புதான். ஆனாலும் மனசு அந்தப் பசால்ட்டுக்கே திரும்பியது.

அப்புறம், நான் சொல்ல வந்தது இதுதான். அந்தக் கற்களைத் தேடிக் கொண்டுவந்ததும், கூடவே நின்று அறுத்ததும், நொகுச்சிக்குப் பிறகு இந்த இடத்தைக் காத்ததும் மசாதொஷி இசுமி என்ற கல்தச்சர். முரேக்காரர், 2021-இல் மறைந்தார். அவரை ‘உதவியாளர்’ என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இதே சிற்பங்களை ஒரு பெருநகர அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வைத்தால் ஒரே ஒரு பெயர்தான் தெரியும். இங்கே பக்கத்துப் பட்டறையின் சத்தம் கேட்கும்போதுதான் இந்த வேலைக்குப் பின்னால் எத்தனை கைகள் என்பது புரிகிறது. அதனால்தான் இவை இந்த ஊரைவிட்டு நகரக் கூடாது என்கிறேன்.

இன்னொன்று. ஜப்பானில் கல்லறைக்கு உயர்ந்த கல் என்றால் இந்த மண்ணின் அஜி கல்லைச் சொல்வார்கள். கறுப்பில் வேண்டுமென்றால் அவர்கள் மதிப்போடு சொல்லும் பெயர்களில் ஒன்று ‘குன்னம்’. நம் விழுப்புரம் பக்கத்துக் குன்னம்தான். அங்கே பாறையைப் பிளந்தவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அந்தத் தோட்டத்தில் நின்றபோது இது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

தோட்டத்து மேட்டின் உச்சியில் முட்டை வடிவக் கல் ஒன்று. அதற்குள் நொகுச்சியின் அஸ்தியில் ஒரு பகுதி இருக்கிறது. சுற்றிலும் மரங்கள், தூரத்தில் கடல்.

போகிறவர்கள் திரும்பும்போது டாக்சி பிடிக்காதீர்கள். பட்டறைகள் வழியாகவே ரயில் நிலையத்துக்கு நடந்து வாருங்கள்.