எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்தால் வேகம் கூடுமா?

"மாதம் ஒருமுறை எஸ்எஸ்டியை டிஃப்ராக் செய்யுங்கள், கணினி புதிது போல ஓடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் அறிவுரை தவறானது. எஸ்எஸ்டி என்பது சிப்பில் தரவைச் சேமிக்கும் டிரைவ்; டிஃப்ராக் என்பது சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு அது பொருந்தியது உண்மைதான். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டில், வேண்டிய இடம் தரவைப் படிக்கும் முனையின் கீழ் வந்து சேரவே சராசரியாக 4 மில்லிவினாடிக்கு மேல் ஆவதால், சிதறிய கோப்பை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பதில் பயன் இருந்தது. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. தரவு சிப்பில் எங்கே இருக்க வேண்டும் என்பதை அதனுள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப்பான கன்ட்ரோலரே தீர்மானிக்கிறது. ஆகவே அங்கே டிஃப்ராக் செய்வது பெரும்பாலும் வீணாகத் திரும்பத் திரும்ப எழுதுவதுதான், ஒவ்வொரு முறை எழுதுவதும் தரவைத் தாங்கும் ஃபிளாஷ் செல்லின் ஆயுளைச் சிறிது குறைக்கிறது.

எஸ்எஸ்டிக்கு உண்மையில் தேவைப்படுவது ட்ரிம் என்ற கட்டளை. நாம் அழித்த கோப்பின் இடம் இனி வேண்டாம் என்று இயங்குதளம் சொன்னால்தான், கன்ட்ரோலர் அந்தப் பகுதிகளை முன்கூட்டியே துடைத்துவைத்து அடுத்து எழுதவேண்டிய தரவை விரைவாக ஏற்க முடியும். 2009இல் வந்த விண்டோஸ் 7 முதல் இந்த வசதி உள்ளது. விண்டோஸ் 10இல் 'டிஃப்ராக்மென்ட் அண்ட் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்' சாளரத்தைத் திறந்து, 'மீடியா டைப்' நெடுவரிசையில் 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால், 'ஆப்டிமைஸ்' பொத்தான் அனுப்புவது ட்ரிம் கட்டளையையே. இதைக் குறித்த இடைவெளியில் தானாகவே செய்யும் அட்டவணையும் அதே சாளரத்தில் இருக்கிறது, அதை அணைக்க வேண்டாம். டிரைவ் விளிம்புவரை நிரம்பியிருந்தால், முதலில் கொஞ்சம் இடத்தைக் காலி செய்யுங்கள்.