முதலில் மஃப்ளர் பின்னாதீர்கள்

பின்னல் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எல்லோரும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கிறார்கள். "முதல்ல ஒரு ஸ்கார்ஃப் போடு, நேரா போய் நேரா வர்றதுதான், கை பழகட்டும், சாக்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் பாதியில் நின்றுபோன ஸ்கார்ஃப், ஊசியோடு சேர்ந்து பீரோவின் அடித்தட்டில் கிடக்காத வீடு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், பார்ப்போம். என் கட்சி இதற்கு நேர் எதிர். முதலில் சாக்ஸ். மஃப்ளர், ஸ்கார்ஃப், எந்தப் பெயரில் சொன்னாலும் சரி, அது பிறகு.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர கனமுள்ள நூலில் 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு 44 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வரும். கழுத்தை ஒரு சுற்று சுற்றி முன்னால் தொங்க வேண்டுமென்றால் 170 செ.மீ. நீளமாவது வேண்டும், அதற்கு ஏறக்குறைய 490 வரிசை. பெருக்கினால் 20,000 கண்ணிக்கு மேல் போகிறது. அத்தனை கண்ணியும் ஒரே மாதிரி. முதல் பத்து வரிசையில் என்ன கற்றுக்கொண்டோமோ அதுதான் கடைசி வரிசையிலும், நடுவில் புதிதாக ஒன்றுமே கிடையாது. இது போதாதென்று, ஒரு வரிசை நிட் (நேர்க் கண்ணி), திருப்பிப் போட்டு ஒரு வரிசை பர்ல் (அதையே மறுபக்கமாகப் போடும் கண்ணி) என்று ஆசையாகப் பின்னிக்கொண்டே போனால், துணி இரண்டு பக்க ஓரமும் உள்ளே சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிடும். அது பின்னியவர் கையில் உள்ள குறை இல்லை, அந்தப் பின்னலின் குணமே அதுதான். வீட்டில் கிழிந்த பழைய பனியன் இருந்தால் கத்தரிக்கோலால் ஒரு ஓரத்தை வெட்டி லேசாக இழுத்துப் பாருங்கள், அதுவும் அப்படியே சுருளும். திருப்பூர் பனியன் துணியும் நம் ஊசியில் வருவதும் ஒரே பின்னல். முன்பக்கத்தை உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன ஆங்கில 'வி' எழுத்துகள் வரிசையாக ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருப்பது தெரியும்.

சுருளாமல் இருக்க எல்லா வரிசையும் நிட்டாகவே போடலாம்தான். ஆனால் அந்தப் பின்னல் நீளத்தில் வளரவே வளராது, வரிசை இன்னும் கூடும்.

இப்போது சாக்ஸுக்கு வருவோம். மெல்லிய நூல், 2.5 மி.மீ. ஊசி, 64 கண்ணி. ஒரு ஜோடிக்கும் மொத்தம் 20,000 கண்ணியைத் தாண்டும். அதாவது உழைப்பு மஃப்ளருக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் சலிப்பு வருவதற்குள் வேலை மாறிக்கொண்டே இருக்கும். மேல்விளிம்பில் இரண்டு நிட் இரண்டு பர்ல், அப்புறம் கணுக்கால் வரைக்கும் சும்மா சுற்றிச் சுற்றி நிட் (வட்டமாகப் பின்னுவதால் பர்ல் போடவே வேண்டாம், புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?), அப்புறம் குதிகால், அப்புறம் பாதம், கடைசியில் விரல் பக்கம் குறுக்கிக்கொண்டே போய் மூட வேண்டியதுதான். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பின்னலாம். பாதி முடிந்த மஃப்ளரை மடியில் போட்டுக்கொண்டு குன்னூர்-மேட்டுப்பாளையம் வளைவுகளில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

குதிகால்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. அதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 64 கண்ணியில் பாதியை, அதாவது 32-ஐ அப்படியே ஊசியில் சும்மா விட்டுவிட்டு, மீதி 32-ஐ மட்டும் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி 32 வரிசை பின்ன வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நகர்த்திவிட்டால் ஓரத்தில் பக்கத்துக்கு 16 என்று நீளமான கண்ணிகள் சங்கிலியாக நிற்கும். இப்போது கையில் ஒரு சதுர மடல் தொங்கும். அடுத்ததுதான் விஷயம். 18 கண்ணி பின்னி, அடுத்த இரண்டை ஒன்றாகச் சேர்த்து, இன்னும் ஒன்று பின்னி, வரிசையை முடிக்காமலேயே திருப்பிவிட வேண்டும். மீதி 11 கண்ணி அப்படியே அம்போவென்று நிற்கும், நிற்கட்டும். அந்தப் பக்கம் ஒன்றை நகர்த்தி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒன்று, மறுபடி திருப்பு. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒரு கண்ணி கூடிக்கொண்டே போகும், விட்டுவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வந்து சேரும். எல்லாம் தீரும்போது ஊசியில் 18 மிச்சம் இருக்கும், தட்டையாக இருந்த துணி குழிந்து கிண்ணமாகியிருக்கும். எந்த இடத்திலும் தையல் கிடையாது. படித்தால் தலை சுற்றும், உண்மைதான், ஆனால் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகச் செய்தால் கண்ணெதிரே குதிகால் உருவாகும். இந்தச் சந்தோஷத்தை 490 வரிசையில் ஒரு வரிசையாவது தருமா?

அளவு விஷயத்தில் ஒன்றே ஒன்று. பாதத்தின் சுற்றளவை அப்படியே எடுக்கக் கூடாது, பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். 22 செ.மீ. பாதத்துக்கு 20 செ.மீ. சாக்ஸ். இழுத்துப் பிடித்தால்தான் காலில் நிற்கும், இல்லையென்றால் ஷூவுக்குள் சுருண்டு உயிரை வாங்கும்.

"நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்று சென்னையிலிருந்து ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். நான் இருப்பது நீலகிரியில், டிசம்பர் ராத்திரியில் சிமெண்ட் தரையில் கால் வைத்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஆனால் சமவெளிக்காரர்களுக்கும் ஒரு செய்தி. இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஊசிப் பின்னல்களில் முக்கியமானவை எகிப்தில் கிடைத்த சாக்ஸ்கள், அதுவும் பருத்தி நூலில் பின்னியவை, எண்ணூறு தொள்ளாயிரம் வருடப் பழசு. பனிப்பிரதேசத்துக் கம்பளி இல்லை, பாலைவனத்துப் பருத்தி. அப்படியென்றால் மதுரையில் பருத்தி சாக்ஸ் பின்னுவதில் என்ன தப்பு? பருத்திக்கு இழுவை கிடையாது, போட்ட கொஞ்ச நேரத்தில் தொளதொளவென்று ஆகும். அதனால் மேல்விளிம்பில் மட்டும் போடும் நிட்-பர்ல் பட்டையைக் கணுக்கால் முழுக்கப் போட்டுவிடுங்கள், நிற்கும்.

நூல்தான் நம் ஊரில் உண்மையான தலைவலி. கடையில் உல்லன் நூல் என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். மஃப்ளருக்குப் பரவாயில்லை, காலில் போட்டால் வியர்வையை உறிஞ்சாது, நசநசவென்று இருக்கும். சாக்ஸுக்கு ஏற்றது முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்த நூல், நைலான் இல்லாவிட்டால் குதிகால் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நீலகிரி செம்மறி என்று கம்பளிக்குப் பெயர்போன ஓர் இனமே இருக்கிறது, ஆனாலும் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் வெளிநாட்டு நூலை ஆன்லைனில் தேடுகிறேன். இதைச் சொன்னால் கோபம்தான் வருகிறது, விடுங்கள்.

இன்னொரு கூட்டம், "இவ்வளவு அழகா போடுறீங்களே அக்கா, ஆர்டர் எடுக்கலாமே" என்று ஆரம்பிப்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். நல்ல நூல் 100 கிராம் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது, ஒரு ஜோடிக்குக் குறைந்தது இருபது மணி நேரம் பிடிக்கும். கூலியைச் சேர்த்து விலை சொன்னால் கேட்டவர் அப்புறம் என் பக்கமே திரும்ப மாட்டார், சேர்க்காமல் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்று அர்த்தம். எனக்கு அது வேண்டாம். பிடித்தவர்கள் காலுக்குப் போட்டுக் கொடுப்பேன், அதுவும் கையால் துவைப்பவர்களுக்கு மட்டும். வாஷிங் மெஷினில் சுடுதண்ணீரில் போட்டு பொம்மைக்கு ஆகிற அளவுக்குச் சுருக்கிக் கொண்டுவந்து காட்டியவர்கள் இனி கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

மஃப்ளரே கூடாது என்று சொல்லவில்லை. இங்கே காலையில் டீக்கடைக்கு வருகிற பெரியவர்கள் காதோடு சேர்த்துத் தலையில் கட்டுகிற மஃப்ளருக்கு ஈடு கிடையாது. இரண்டு ஜோடி சாக்ஸ் முடித்துவிட்டு அதை எடுங்கள், கை தானாக ஓடும், ஓரமும் கோணாது. ஒரே வரிசைக்குள் ஒரு கண்ணி நிட், அடுத்த கண்ணி பர்ல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் சுருளவும் சுருளாது.

எந்த ஊசி வாங்குவது என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: இரண்டு முனையும் கூரான ஐந்து ஊசி செட், 2.5 மி.மீ., மூங்கிலில் வாங்குங்கள். ஸ்டீல் வழுக்கும், கண்ணி கழன்று ஓடும். நூல் வெளிர் நிறமாக இருக்கட்டும், கறுப்பு வாங்கிவிட்டு ராத்திரி லைட் வெளிச்சத்தில் கண்ணி தெரியவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.