அஞ்சரை மணிக்கு வராதவர்களுக்கு ஒன்பது மணிக்கு என்ன கேள்வி?

தேர்தல் முடிந்த மறுநாளே ஆரம்பித்துவிடுகிறார்கள். டீக்கடை, கல்யாண வீடு, சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழு, எங்கே போனாலும் "மெஷின்ல ஏதோ பண்ணிட்டாங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாததா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். எனக்கு நன்றாகவே தெரியும். விடிவதற்கு முன்னால் அந்த மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்து, வயர் மாட்டி, ஓட்டுப் போட்டுப் பார்த்து, எண்ணி, அழித்து, சீல் வைப்பது நான்தான். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒவ்வொரு வேட்பாளரின் ஏஜெண்டுக்கும் இடம் உண்டு. அந்த நேரத்துக்குத்தான் யாரும் வருவதில்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. தேர்தல் வந்துவிட்டால் வாக்குச்சாவடி தலைமை அலுவலர், எங்கள் பேச்சில் பி.ஓ. ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் அதற்கு 90 நிமிடம் முன்னால், அதாவது அஞ்சரைக்கு மாதிரி வாக்குப்பதிவை (மாக் போல்) தொடங்க வேண்டும். குறைந்தது 50 ஓட்டு. நோட்டா உட்பட ஒவ்வொரு பட்டனையும் அமுக்கிப் பார்த்தாக வேண்டும். இரண்டு வேட்பாளர்களின் ஏஜெண்டுகளாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்புறமும் ஆள் வராவிட்டால் நாங்களே தொடங்கிவிடலாம். இந்த 15 நிமிடக் காத்திருப்பு எப்போதாவது தேவைப்படும் என்று நினைத்து வைத்த விதி. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில் அது வாடிக்கையாகிவிட்டது.

முந்தின நாள் மையத்தில் பொருள்களை வாங்கிக்கொண்டு, எந்தப் பூத் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்து, வண்டியில் சாமான்களோடு சாமானாக ஏறி, கதவு சாத்தாத கழிப்பறை உள்ள ஒரு பள்ளியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்து, கொசுக்கடியில் மூன்றரைக்கு எழுந்து தயாராகிறோம். சரி, அது எங்கள் வேலை, சம்பளம் வாங்குகிறோம், செய்கிறோம். எங்களுக்கு இருக்கும் இந்தக் கட்டாயத்தில் பாதியாவது, ஆட்சியைப் பிடிக்கத் துடிக்கும் கட்சிகளுக்கு இருக்க வேண்டாமா?

கடைசியாக நான் பி.ஓ.வாக இருந்த தேர்தலில் நடந்ததைச் சொல்கிறேன். அஞ்சரைக்கு எல்லாம் தயார். பட்டன்கள் உள்ள பேலட் யூனிட்டிலிருந்து வரும் வயர், யாருக்கு ஓட்டு என்று ஸ்லிப் அடித்துக் காட்டும் விவிபாட்டுக்கு, விவிபாட்டிலிருந்து வரும் வயர், ஓட்டுக் கணக்கை வைத்திருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுக்கு. விவிபாட்டின் பின்னால் இருக்கும் குமிழைப் படுக்கை நிலையிலிருந்து நிமிர்த்தியாகிவிட்டது. ஜன்னல் வெளிச்சமோ மேலே எரியும் பல்போ அதன் மீது நேராக விழக்கூடாது என்பதால் மேசையை இரண்டு தடவை இழுத்துப் போட்டோம். (இதை யாரும் அலட்சியமாக நினைக்க வேண்டாம், 2018 மே மாதம் உத்தரப்பிரதேசத்தின் கைரானா இடைத்தேர்தலில் விவிபாட் கோளாறுகளால் 73 சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாகிவிட்டது.) மெஷினைப் போட்டதும் விவிபாட் தன் பங்குக்கு ஏழு ஸ்லிப் அடித்து உள்ளே தள்ளியது. எல்லாம் தயார், ஏஜெண்டுகளுக்குப் போட்ட பெஞ்சில் ஒரே ஒரு பெரியவர். சுயேச்சை ஒருவரின் ஏஜெண்ட். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். பெரிய கட்சிகளின் ஆள் ஒருவர்கூட இல்லை. ஒருவருக்கு நானே போன் செய்தேன். "வந்துட்டே இருக்கேன் மேடம், ஃபாரத்துல கையெழுத்து வாங்கணும்" என்றார். இன்னொருவர் எடுக்கவே இல்லை.

அஞ்சே முக்காலுக்குத் தொடங்கினேன். பெரியவர் ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிகிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஸ்லிப் ஏழு விநாடி நிற்கிறது, அறுந்து விழுகிறது, பீப் சத்தம் வருகிறது. எந்த எண்ணுக்கு எத்தனை என்று அவர் தன் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் க்ளோஸ், பிறகு ரிசல்ட். கண்ட்ரோல் யூனிட் சொன்ன கணக்கையும் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்லிப்புகளையும் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினோம், அவர் நோட்டோடும் ஒத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. க்ளியர் அமுக்கி, டோட்டல் அமுக்கிப் பூஜ்யத்தைக் காட்டினேன். ஸ்லிப்புகளின் பின்னால் மாதிரி வாக்குப்பதிவு முத்திரையைக் குத்தி, கறுப்பு உறையில் போட்டு, அதற்கு அரக்கு சீல் வைத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுற்றி இளஞ்சிவப்புத் தாள் சீல் ஒட்டினோம்.

அப்போது மணி ஆறே முக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் யூனிட்டில் பச்சைத் தாள் சீலைச் செருகிவிட்டு, ஸ்பெஷல் டேக் நூலில் அரக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். மெழுகுவத்தி அணையக் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தியாகிவிட்டது. ஏப்ரல் மாதப் புழுக்கம், வியர்வை கண்ணில் வழிகிறது, ஒரு கையில் அரக்கு, இன்னொரு கையில் பித்தளை முத்திரை. அந்த நேரம் பார்த்து வெள்ளை வேட்டியும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் வந்து நின்று, "என்ன மேடம், எங்களை விட்டுட்டு நீங்களே எல்லாம் முடிச்சிட்டீங்களா? முதல்லேர்ந்து ஒருவாட்டி போட்டுக் காட்டுங்க" என்கிறார். வெளியே அறுபது எழுபது பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதில் முக்கால்வாசி வயதானவர்கள். பெரியவர்தான் கோபப்பட்டார். "தம்பி, நான் பார்த்தேன், எண்ணினேன், எழுதி வெச்சிருக்கேன், உனக்கு வேணும்னா என் நோட்டைப் பாரு" என்றார். அந்த ஆள் நோட்டைப் பார்க்கவும் இல்லை, டோட்டலில் பூஜ்யம் இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை, பச்சைத் தாள் சீலில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நானே கூப்பிட்டபோது அதன் எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை. ஒன்பது மணிக்குள் அவர் கட்சிக்காரர்கள் வாசலில் "உள்ளே ஏஜெண்ட் இல்லாமலே மாக் போல் நடத்தியிருக்காங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பல சாவடிகளை மேற்பார்க்கும் ஜோனல் அலுவலர் வந்து என்னிடம் விளக்கம் கேட்டார். என்னிடம்!

இதே கட்சிகள்தான் விவிபாட் ஸ்லிப்புகளை எண்ண வேண்டும் என்று டெல்லி வரை போனவை. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை ஐந்து சாவடியாக உயர்த்தியது. 50 சதவீதம் எண்ணச் சொல்லி 21 எதிர்க்கட்சிகள் கேட்டிருந்தன. ஏ.டி.ஆர். என்ற தன்னார்வ அமைப்பும் வேறு சிலரும் போட்ட வழக்கில் 2024 ஏப்ரல் 26 அன்று வந்த தீர்ப்பில் நூறு சதவீத எண்ணிக்கை மறுக்கப்பட்டது, விவிபாட்டில் வேட்பாளர்களின் சின்னத்தை ஏற்றும் கருவிகளையும் சீல் வைத்து 45 நாள் பாதுகாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த வழக்குகளைப் போட்டதில் தவறே இல்லை, போட வேண்டியதுதான், ஜனநாயகத்தில் சந்தேகம் கேட்பது குற்றமில்லை. ஆனால் நாடு முழுக்க ஒரு சாவடி விடாமல், மெஷினின் கணக்கையும் ஸ்லிப்பையும் முழுசாக வைத்து எண்ணிப் பார்க்கும் ஒரு நேரம் ஏற்கெனவே இருக்கிறதே, அதற்குக் கோர்ட்டுப் படி ஏற வேண்டாமே, அலாரம் வைத்து எழுந்து வந்தால் போதுமே! டெல்லிக்கு வக்கீல் அனுப்பத் தெரிந்தவர்களுக்கு அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆளை அனுப்ப முடியவில்லையா?

"அம்பது ஓட்டு வரைக்கும் ஒழுங்கா காட்டிட்டு அப்புறம் திருடும் மெஷின்" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான கேள்விதான். அதனால்தான் அதற்கு முன்பே இரண்டு கட்டச் சோதனை வைத்திருக்கிறார்கள். முதல் நிலைச் சோதனையில், மெஷின்களைத் தயாரிக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ், இ.சி.ஐ.எல் நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒவ்வொரு கருவியையும் பார்க்கிறார்கள், அதில் ஒரு பகுதி மெஷின்களில் ஆயிரத்துக்கும் மேல் ஓட்டுப் போட்டுப் பார்ப்பதுண்டு. அப்புறம் வேட்பாளர் பட்டியல் முடிவானதும் சின்னம் ஏற்றும் நாளில், குலுக்கலில் வரும் 5 சதவீத மெஷின்களில் தலா 1000 ஓட்டுப் போட்டு ஸ்லிப்பையும் எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் கட்சிகளுக்குக் கடிதம் போகிறது. வேண்டிய மெஷினை அவர்களே எடுத்துக் கொடுத்து, அவர்களே பட்டனை அமுக்கலாம். அங்கே வேலை பார்த்த சக ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள், காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் காணாமல் போகும் பிரதிநிதிகளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள்.

கட்சிகளை மட்டும் திட்டிவிட்டு எங்கள் பக்கத்தை மூடி வைக்க மாட்டேன். பயிற்சி என்ற பெயரில் நடப்பதைப் பார்த்தால் ஆத்திரம் வருகிறது. ஒரு ஹால் முழுக்க ஆசிரியர்கள், முன்னால் மேசையில் ஒரே ஒரு செட். முதல் இரண்டு வரிசைக்குத்தான் பட்டன் தெரியும். நாலு பெஞ்ச் தள்ளி இருப்பவர்களுக்கு மைக்கில் வரும் குரல் மட்டும்தான். "எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள், "புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டு வருவோம். அரக்கை நூலில் எவ்வளவு ஊற்றுவது, பச்சைத் தாள் சீலை எந்தப் பக்கம் வெளியே தெரிய வைப்பது, இதெல்லாம் கையால் ஒருமுறை செய்து பார்த்தால்தான் வரும். முதல்முறையாக பி.ஓ. ஆகும் ஒரு பெண், நாற்பது தாள்களுக்கும் உறைகளுக்கும் நடுவே, அந்த 90 நிமிடத்தில் என்ன பாடுபடுவாள் என்று யோசியுங்கள்.

ஒரு பட்டனை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தில் நடந்ததே போதும். 2019 மக்களவைத் தேர்தலில் எர்ணாகுளம் தொகுதியின் களமசேரியில் ஒரு சாவடியில் மாதிரி ஓட்டுகளை அழிக்காமலேயே வாக்குப்பதிவைத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலம் கணக்குப் பார்த்தால் வந்து போட்டவர்களைவிட 43 ஓட்டு அதிகம். ஏப்ரல் 30 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அந்தக் காலையில் உள்ளே இருந்த ஏஜெண்டுகளில் ஒருவர், ஒரே ஒருவர், "டோட்டல் அமுக்குங்க, பூஜ்யம் காட்டுங்க" என்று கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. களைத்துப்போன அலுவலருக்குப் பதற்றத்தில் தப்பு வரும், அதைப் பிடிக்கத்தான் எதிரே நாலு ஜோடிக் கண்கள் வேண்டும் என்று அந்த ஏற்பாட்டையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்கள் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தால்?

2024இல் கரூர் தொகுதியில் 54 வேட்பாளர்கள். நோட்டாவையும் சேர்த்தால் 55 பட்டன். ஒரு பேலட் யூனிட்டில் 16 பேருக்குத்தான் இடம் என்பதால் நாலு யூனிட்டை வரிசையாகக் கோக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு என்றாலே ஐம்பதைத் தாண்டிவிடும். அங்கே போன பி.ஓ.க்கள் 15 நிமிடத்தை யாருக்காகவோ காத்திருந்து தொலைத்துவிட்டு ஏழு மணிக்குள் சீல் வைத்து முடிக்க என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏழு மணி ஒரு நிமிடம் தாண்டினால் வரிசையில் நிற்பவர் போனைத் தூக்கி வீடியோ எடுக்கிறார், "மெஷின் கோளாறு, வாக்காளர்கள் அவதி" என்று டிவியில் கீழே ஓடுகிறது.

ஏஜெண்டுகளும் கூலிக்கு வரும் சாதாரண ஆட்கள்தான், அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பாதிப் பேருக்கு அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை. படிவம் 10இல் வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் ஏஜெண்ட் உள்ளே வர முடியும், அந்தத் தாளைத் தேர்தல் அன்று காலை ஆறு மணிக்கு ஒன்றியச் செயலாளர் வீட்டு வாசலில் வைத்துப் பங்கு போடுகிறார்கள். அப்புறம் எப்படி அஞ்சரைக்கு வர முடியும்? மேடைக்கும் பந்தலுக்கும் ஒரு மாதம் முன்பே ஆள் பிடிக்கிறீர்கள், பூத்துக்கு உட்காரப்போகிறவரின் தாளில் கையெழுத்துப் போட முந்தின நாள் சாயங்காலம் பத்து நிமிடம் கிடைக்காதா?

அந்தத் தாளை முந்தின நாளே கொடுங்கள். கண்ட்ரோல் யூனிட், பேலட் யூனிட், விவிபாட் மூன்றின் எண்களும் உங்களுக்கு முன்பே தரப்படுகின்றன, அதை எழுதிக் கொடுத்தனுப்புங்கள், மெஷினில் இருக்கும் எண்ணோடு அவர் ஒத்துப் பார்க்கட்டும். பச்சைத் தாள் சீல் எண்ணைக் குறிக்கச் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கே எழுந்து போகாமல் கடைசிவரை இருந்து, பதிவான ஓட்டுக் கணக்கை எழுதிய 17சி படிவத்தின் நகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள், எண்ணும் இடத்தில் அதை வைத்துத்தான் நீங்கள் கேள்வியே கேட்க முடியும். போன தேர்தலில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏஜெண்ட் யாராவது இருக்கீங்களா?" என்று பள்ளி வராந்தாவில் நின்று நான் கூப்பிட்டேன். வந்து வாங்கியது அந்தப் பெரியவர் மட்டும்தான்.