கராச் வாசல்ல மட்டும் நல்லபிள்ளையாகிற கார்

நாலு மாசம் பாருங்கோ, நாலு மாசமா இந்த மொறிஸ் மைனரால எனக்கு விசர் பிடிக்காத குறை, இண்டைக்கு எழுதாட்டி நித்திரை வராது.

அப்பப்பான்ர கார், 1098 சிசி எஞ்சின். நெல்லியடியால வெளிக்கிட்டு வல்லை வெளிக்க இறங்கி 40 மைல் வேகத்தில சீரா வரேக்கதான் கோதாரி தொடங்கும். விக்கல் எடுத்த மாதிரி டுக் டுக் டுக் எண்டு எஞ்சின் அடிக்கும், பின்னால வாற பஸ்காரன் கோண் அடிப்பான், ரெண்டு பக்கமும் வெட்டவெளி, ஒதுங்க ஒரு மர நிழல் இல்லை. அக்சிலேற்றரை ஏறி மிதிச்சா விக்கல் நிண்டிடும், காலை இளக்கினா திரும்ப வரும்.

கராச்சுக்குக் கொண்டுபோய் விட்டா? தையல் மிசின் மாதிரி நிண்டு ஓடும். சத்தியமா எனக்கே வெக்கமாப் போயிடும்.

முதல் ஆள் "தம்பி, பெற்றோல் அடைப்பு" எண்டு கபரேற்றரைக் கழட்டிக் கழுவினார். அடுத்தவர் நாலு பிளக்கும் புதுசு போடச் சொன்னார், கழட்டின பிளக் நாலும் ஒரே மாதிரி மண்ணிறமா வடிவா எரிஞ்சு கிடக்கு, அதைப் பாத்தாலே பிளக்கில பிழை இல்லையெண்டு தெரியுமெல்லே, ஆர் பாக்கிறது? மூண்டாமவர் பிளக்குக்குக் கரண்ட் ஏத்திக் குடுக்கிற கொயில், கண்டென்சர், பிளக் வயர் எல்லாம் ஒரேயடியா மாத்தினார். சூடேறினா கொயில் படுக்கிறது உண்மைதான், ஆனா படுத்த கொயில் ஏறி மிதிச்ச உடனை எழும்பி ஓடுமோ? 30 ஆயிரத்துக்கு மேல போட்டுது. இன்னொருத்தர் "தடைக்காலத்தில மண்ணெண்ணெயில ஓடின எஞ்சின், அப்பிடித்தான் கிடக்கும்" எண்டார். அண்ணை, அது தொண்ணூறுகளில, பெற்றோல் வர விடாத சண்டைக்காலத்தில! அதுக்குப் பிறகு எஞ்சின் பிரிச்சு சிலிண்டர் கடைஞ்சு பிஸ்டனும் மாத்தியாச்சு!

எனக்குக் கோபம் என்னெண்டா ஒருத்தரும் காருக்குள்ள ஏறேல்லை. "ஒருக்கா வல்லை மட்டும் வாங்கோ, நான் காட்டுறன்" எண்டு கெஞ்சினன். "நேரமில்லைத் தம்பி, சாமானை வாங்கிக்கொண்டு வாங்கோ." ஆக விசர்க்கதை, "நீங்கள் ஓடுற ஓட்டம் பிழை"யாம்!

கடைசியா எங்கட ஒழுங்கையில இருக்கிற, சிரிபி (அரசாங்க பஸ்) டிப்போவில வேலை செய்து பென்சன் எடுத்த ஐயா ஒருத்தர் வந்தார். வந்தவர் சாவியைத் தொடேல்லை, முதல் கேள்வி கேட்டார். "ஏத்தத்திலயோ விக்குது?" யாழ்ப்பாணத்தில ஏத்தத்துக்கு எங்க போறது ஐயா எண்டன், சிரிச்சார். மெல்லமா கால் வைச்சு ஓடேக்க மட்டும் எண்டு சொன்ன உடனை பொனற்றைத் திறந்து, கபரேற்றரில இருந்து பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ரிபியூட்டருக்குப் போற மெல்லிய வக்கூம் (எஞ்சின்ர உறிஞ்சல்) குழாயைக் கபரேற்றர் பக்கம் கழட்டி, காரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிப்போட்டு, அந்தக் குழாயை வாயில வைச்சு இளநி உறிஞ்சிற மாதிரி உறிஞ்சினார். டுக் டுக் டுக்! நாலு மாசத்தில முதல் தடவை நிண்ட இடத்தில விக்குது! வாயை எடுத்தா நிக்குது.

டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்தா உள்ளுக்க, கரண்டை வெட்டி வெட்டி விடுற பொயின்றுக்குப் போற சின்ன வயர், விரல் நீளந்தான் வரும். மேல்தோல் பளபளப்பா இருக்கு, நுள்ளிப் பாத்தா உள்ளுக்கக் கம்பி இத்துப்போய்க் கிடக்கு. சீரா ஓடேக்க வக்கூம் இழுத்து பொயின்ற் இருக்கிற தட்டைத் திருப்பும், வயர் இழுபடும், கம்பி விட்டுப்போகும், கரண்ட் இல்லை. ஏறி மிதிச்சா வக்கூம் குறைஞ்சு தட்டு திரும்பி வந்திடும். கராச்சில அக்சிலேற்றரை மிதிக்காமல் நிண்ட இடத்தில ஓடேக்க வக்கூம் அந்தக் குழாய்க்கு வாறதே இல்லை, பிறகெப்பிடி விக்கும்?

மெல்லிய வயர்த்துண்டு ஒண்டு வைச்சு ஈயம் ஒட்டினார், முடிஞ்சுது. தேத்தண்ணி மட்டும் குடிச்சார்.

புதுக் கொயிலைக் கடையில குடுத்தா "கரண்ட் பாஞ்ச சாமான் திருப்பி எடுக்கிறேல்லை"யாம். சரி, என்ர பழைய கொயிலையாவது தாங்கோ எண்டு மூண்டாமவரிட்டப் போய்க் கேட்டா, அதைப் பழைய இரும்புக்குப் போட்டிட்டாராம்.

நல்ல கொயில் ஐயா அது!