மாநாட்டுப் பதிவு என்றால் பொன்னாடைப் படம் மட்டும்தானா?

எந்தக் கருத்தரங்கு முடிந்தாலும் மறுநாள் முகநூலில் வருவது ஒன்றுதான்: குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு, கடைசியாகக் குழுப் படம். நாள் முழுக்கக் கட்டுரை வாசித்த அரங்கில் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி இருக்காது. வர முடியாத எங்களுக்கு இது உண்மையிலேயே வருத்தம். மூன்று மணி நேர நேரலைக் காணொளி இருக்கிறதே என்பார்கள். அதில் நமக்கு வேண்டிய பத்து நிமிடம் எங்கே இருக்கிறது என்று யார் தேடுவது?

இதற்கு ஹேஷ்டேக் உதவும்: # குறியோடு ஒரே சொல்லைப் போட்டால், அதைத் தேடுகிறவருக்கு எல்லாப் பதிவுகளும் ஓரிடத்தில் கிடைக்கும். அதன் தொடக்கமே இப்படிப்பட்ட கூடுகையோடு சேர்ந்ததுதான். 2007 ஆகஸ்ட் 23 அன்று இணைய வடிவமைப்பாளர் கிறிஸ் மெசினா, குழுக்களுக்கு # குறியைப் பயன்படுத்தலாமா என்று ட்விட்டரில் கேட்டார். அவர் கொடுத்த எடுத்துக்காட்டு 'பார்கேம்ப்'. பங்கேற்பாளர்களே தலைப்பு வைத்து, அவர்களே பேசும் கூட்டம் அது.

என் யோசனை எளிது. ஒவ்வோர் அமர்வுக்கும் இரண்டு பேரைப் போடுங்கள். ஒருவர் மாநாட்டின் ஹேஷ்டேக்கோடு உடனுக்குடன் பதிவு எழுதட்டும்: பேச்சாளர் பெயர், அவர் வைத்த வாதம், காட்டிய சான்று, ஸ்லைடு இணைப்பு. இன்னொருவர் வெளியிலிருந்து வரும் கேள்விகளைத் திரட்டி அமர்வுத் தலைவரிடம் கொடுக்கட்டும். கல்வெட்டு பற்றிய அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். மைப்படியில் (கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படியில்) ஓர் எழுத்து தெளிவாக இல்லை என்று பேச்சாளர் சொல்கிறார். அந்த ஊர்க்காரர் ஒருவர் பதிவைப் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போய்க் கல்லைப் படமெடுத்து கமெண்டில் போடலாம். அரங்கில் இருப்பவர்களால் மட்டும் இது முடியுமா?

ஆனால் அந்தக் கமெண்டுகளைப் பேச்சாளருக்குப் பின்னால் திரையில் ஓடவிடாதீர்கள். 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ என்ற இணையத் தொழில்நுட்ப மாநாட்டில் ஆய்வாளர் டானா பாய்டுக்கு அதுதான் நடந்தது. ட்வீட்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடின. பார்வையாளர்கள் படித்துச் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பேசுகிறவரை இப்படி நிறுத்துவது கொடுமை. கேள்விகள் ஒருவர் கையால் வடிகட்டப்பட்டுத்தான் மேடைக்குப் போக வேண்டும்.

அப்புறம், இன்னும் வெளியிடாத ஆய்வு முடிவுகளைப் பொதுவில் போடலாமா என்று பேச்சாளரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அழைப்பிதழ் அச்சடிக்கும்போதே ஹேஷ்டேக்கையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றே ஒன்று போதும், ஆளாளுக்கு ஒன்று வைத்தால் பதிவுகள் சிதறிவிடும். எழுதுகிற வேலைக்கு அந்தத் துறை மாணவர்களைக் கூப்பிடுங்கள், ஆர்வமாக வருவார்கள். மேடையிலிருந்து அவர்கள் பெயரையும் சொல்லி நன்றி கூறுங்கள்.